அச்சு சரி, கைதான் தப்பு

என் அக்கா புருஷனுக்கு மனுஷ வாய் மேல் நம்பிக்கையே கிடையாது. இத்தனைக்கும் அந்த வாய்தான் அவருக்குச் சோறு போடுகிறது. பல் செட் செய்கிற கூடத்தில் முப்பது வருஷமாக வேலை. பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு, மேலே சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். மாமா அச்சைப் பார்த்துப் பல் செட் செய்து, அதே டப்பாவில் திருப்பி அனுப்புவார். அது எப்படிப்பட்ட ஆளின் வாய், சிரிக்கிற வாயா சிடுசிடுக்கிற வாயா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. எப்போதாவது ஒரு செட் ‘கடிக்குது, உறுத்துது’ என்ற புகாரோடு திரும்பி வரும். மாமா அதை எடுத்து அச்சில் வைத்துப் பார்ப்பார். டக்கென்று உட்காரும். “அச்சு சரியா இருக்கு. வாய்தான் தப்பு” என்று மூடித் திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஐம்பத்து மூன்று வயதில் வில் செய்யக் கிளம்பினார்.

நான் அவருடைய மச்சினன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணி வரை ஈ ஓட்டுகிற வேலைதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். மாமாவுக்கும் ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும். ஆக, அவர் செய்த அத்தனை கோமாளித்தனத்துக்கும் கண்ணால் பார்த்த சாட்சி நான். சிலதுக்குக் கூட்டுக் களவாணியும் நான்தான். அது பின்னால் வரும்.

முப்பது வருஷம் குனிந்தே வேலை செய்ததில் மாமாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நெஞ்சை நிமிர்த்துகிற மாதிரி ஏதாவது விளையாடச் சொன்னார் டாக்டர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வில் வித்தை மைதானம் இருக்கிறது. மாதச் சந்தா கட்டினால் வில்லும் அவர்களே கொடுப்பார்கள். மாமா சேர்ந்தார். அங்கே பயிற்சி கொடுக்கிறவர் ஒரு அம்மா. கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லாருக்கும் விசிலம்மா.

நாலு மாதம் மாமா அங்கே அம்பு விட்டதைவிடக் குறை சொன்னதுதான் அதிகம். வில்லின் கைப்பிடி சரியில்லையாம். ஊருக்கெல்லாம் ஒரே அளவில் செய்து வைத்திருக்கிறார்களாம். “இது எந்த வாய்க்கும் பொருந்தாத பல் செட்டு மேடம்” என்று அவர் நாற்பதாவது தடவையாகச் சொன்ன அன்றைக்கு விசிலம்மா பொறுமை இழந்தார்.

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் சார். அவ்வளவு குறை இருந்தா நீங்களே ஒண்ணு செஞ்சு கொண்டாங்களேன்.”

“செஞ்சு காட்டறேன். வர்ற ஆண்டுப் போட்டிக்கு என் வில்லோடதான் வருவேன்.”

சுற்றிப் பதினெட்டுப் பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நுணலும் தன் வாயால் கெடும். பல் செட் செய்கிறவர் வாயால் கெட்டால் அதில் அதிசயம் என்ன?

வீட்டில்தான் உண்மையான பூகம்பம். அதற்கு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுக்கிற வேலை பார்க்கிறாள். தண்ணி வரலை, வந்தது கலங்கி வருது, குழாய் உடைஞ்சு தெருவே மிதக்குது, நீங்கள்லாம் எதுக்குச் சம்பளம் வாங்குறீங்க என்று ஏழு மணி நேரம் காதுக்குள் ஊர் கத்தும். அவள் “சரிங்க, எழுதிக்கிட்டேங்க” என்பாள். வீட்டுக்கு வந்தால் மாமா. அவர் வாய் ஓயவே ஓயாது. அச்சுகளோடு பேச முடியாத பேச்சையெல்லாம் சேர்த்து வைத்து அவளிடம் கொட்டுவார்.

வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறைக்குப் பின்னால் எட்டடிக்குப் பத்தடியில் ஒரு ரூம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வீட்டுக்கு வேலை கொண்டுவந்து செய்கிறேன் என்று மாமா அந்த ரூமில் கிரைண்டிங் மெஷின், வேலை மேஜை, அச்சு அடுக்குகிற தட்டு எல்லாவற்றையும் இறக்கினார். வீட்டுக்கு வேலை கொண்டுவருவது நின்று மூன்று வருஷம் ஆகிறது. ரூமை மட்டும் விடவில்லை. அக்கா கேட்டுக் கேட்டு, போன மாதம்தான் “சரி, காலி பண்ணித் தரேன்” என்றிருந்தார். அதற்குள் வில்.

“சொன்ன வாய்க்கு ஒரு மாசம்கூட உத்தரவாதம் இல்லையா?” என்றாள் அக்கா.

“வில்லு முடியட்டும், தரேன்.”

“வில்லு முடிஞ்சா அம்பு. அம்பு முடிஞ்சா அதை வைக்க அலமாரி. எனக்குத் தெரியாதா உங்களை?”

“சரி, ரூமை வச்சு நீ என்ன பண்ணப் போறே? தையலா? டியூஷனா? எதுவும் சொல்ல மாட்டேங்கறியே.”

“எதுவும் பண்ணப் போறதில்ல. கதவைச் சாத்திட்டு தினம் ஒரு மணி நேரம் சும்மா உக்காரப் போறேன்.”

மாமா என்னைப் பார்த்தார். என்னமோ நான்தான் அவளுக்கு அந்த யோசனையைச் சொன்ன மாதிரி. “சும்மா உக்கார ஒரு ரூமா? ஹால்ல உக்காரக் கூடாதா?”

“ஹால்ல நீங்க இருக்கீங்க.”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அக்காவே ஒரு ஒப்பந்தம் சொன்னாள். ஆண்டுப் போட்டிக்கு ஆறு மாதம் இருக்கிறது. அன்றைக்கு அவர் செய்த வில்லில் மூன்று அம்பு விட வேண்டும். ஒன்றாவது வைக்கோல் பலகையில் குத்தினால் ரூம் ஆயுசுக்கும் அவருக்கு. அவள் வாயைத் திறக்க மாட்டாள். ஒன்றும் குத்தவில்லை என்றால் அன்று சாயங்காலமே ரூம் அவளுக்கு. மாமா உடனே தலையாட்டினார். அந்தப் பலகை ஒரு கட்டில் அகலம் இருக்கும். பதினைந்து மீட்டரிலிருந்து அதைத் தவறவிடுவது கஷ்டம் என்பது அவருக்குத் தெரியும். அக்காவுக்கு அது தெரியாது. அவள் அந்த மைதானத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சாப்பாடு போடுவது அக்கா, வேனுக்கு டீசல் தீர்ந்தால் ஓடி வருவது மாமா. நான் யார் பக்கம் என்று சொல்ல?

மாமா செய்ய நினைத்தது ஒரே மரத்தை வளைத்துக் கயிறு கட்டுகிற வில் அல்ல. மூன்று துண்டாகக் கழற்றிப் பையில் போடுகிற வில். நடுவில் கைப்பிடிக் கட்டை. அதன் மேலும் கீழும் போல்ட் போட்டு மாட்டுகிற இரண்டு வளைந்த துண்டு. அதற்குச் சரியான பேர் என்னவோ, மாமா ‘ரெக்கை’ என்றார், நாங்களும் ரெக்கை என்றோம். ஒவ்வொரு ரெக்கையும் அடுக்கு அடுக்காக ஒட்டுவது. வெளியே இரண்டு பக்கமும் ஃபைபர் தகடு, உள்ளே அட்டை கனத்துக்குச் சீவின மரப் பட்டிகள், நடுநடுவே பசை. நுனி முன்பக்கமாகத் திரும்பி வளைய வேண்டும். அதனால் அந்த வளைவில் ஒரு பிளைவுட் அச்சு செய்து, அதன் மேல் அடுக்கி, வரிசையாக க்ளாம்ப் போட்டு முடுக்கி, பல்பு எரிகிற ஒரு மரப்பெட்டிக்குள் சூட்டில் வேகவைக்க வேண்டும்.

“வேகவைக்கிறதா? அட, இது நம்ம வேலைடா!” என்றார் மாமா. பல் செட்டும் அச்சில் போட்டு வேகவைக்கிறதுதானாம். அந்த ஒரு வார்த்தையில் அவருக்குத் தலைக்கனம் உச்சிக்கு ஏறிவிட்டது.

முதல் ரெக்கை அந்தத் தலைக்கனத்தில்தான் போனது. பசை பிளைவுட் அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே ஏதாவது போட வேண்டும். பேக்கிங் டேப்பை ஒட்டினால் போதும், அதில் அந்தப் பசை பிடிக்காது என்று பசை விற்ற கடைக்காரரே சொன்னார். மாமா கேட்டாரா? பல் செட் கூடத்தில் பிளாஸ்டர் அச்சுக்குப் பூசுகிற ஒரு திரவம் உண்டு. முப்பது வருஷமாகப் பூசுகிறாராம், ஒரு செட்கூட ஒட்டினதில்லையாம். அதைக் கொண்டுவந்து பிளைவுட்டில் தேய்த்தார். ஆறு மணி நேரம் வேகவைத்துத் திறந்தால் ரெக்கையும் அச்சும் சேர்ந்து ஈருடல் ஓருயிராக இருந்தன. நான் உளியால் நெம்பினேன். மாமா சுத்தியலால் தட்டினார். கடைசியில் ரெக்கை உடைந்தது, அச்சு உடைந்தது, உளியின் பிடியும் உடைந்தது.

“திரவம் சரிதான். பிளைவுட்தான் தப்பு” என்றார் மாமா. எனக்கு வந்த கோபத்தில் அந்த உளியை எடுத்து என்ன செய்திருப்பேன் என்று சொல்லமாட்டேன்.

அடுத்த தடவை டேப் ஒட்டினோம். அவரைக் கேட்காமல் நான்தான் ஒட்டினேன்; அவர் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார். பசை கலந்தால் அரை மணி நேரத்துக்குள் அடுக்கி முடுக்கியாக வேண்டும். இருபத்திரண்டு க்ளாம்ப். எங்கள் இரண்டு பேர் கையும் போதவில்லை. அடுக்கு ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. மாமா கத்துகிறார், நான் பதிலுக்குக் கத்துகிறேன். அன்று விடுமுறையில் இருந்த அக்கா உள்ளே வந்தாள். வழுக்கின பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் ஒவ்வொரு க்ளாம்ப்பாக முடுக்கினாள். அந்த ரெக்கை அம்சமாக வந்தது. அதற்கப்புறம் பசை கலக்கிற நாளெல்லாம் அவள் வந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறையில் கேட்டேன். “ஏன்க்கா, வில்லு உருப்படாம போனாத்தானே உனக்கு ரூமு? நீயே போய் க்ளாம்ப் முடுக்கறியே, உனக்கு மூளை இருக்கா?”

“அவரா தோத்தா அந்த ரூம்ல நிம்மதியா உக்காருவேன். நான் கவுத்து அவர் தோத்தார்னா, நாலு சுவரும் என்னைத் திட்டிக்கிட்டே இருக்கும். அதுக்கு நான் ஆபீஸ்லயே உக்காந்து திட்டு வாங்கலாமே” என்றாள்.

அப்போது நான் அவளைக் கொஞ்சம் முட்டாள் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

ரெக்கை முடிந்ததும் கைப்பிடிக் கட்டை. மாமாவின் சண்டையே கைப்பிடியைப் பற்றித்தானே? அதனால் இதில் உலகத்துக்கே பாடம் எடுக்கப்போவதாக அறிவித்தார். பல் அச்சுக்கு வைத்திருக்கிற ரோஸ் நிற மெழுகை வெந்நீரில் இளக்கி, ஒரு குச்சியைச் சுற்றி அப்பி, வில்லைப் பிடிக்கிற மாதிரி ஒரு தடவை இறுக்கிப் பிடிப்பது. கை எங்கே அழுத்துகிறதோ அங்கே பள்ளம், அழுத்தாத இடம் மேடு. அதை அப்படியே மரத்தில் செதுக்கிவிட்டால் உலகத்திலேயே அவர் ஒருவர் கைக்கு மட்டும் பொருந்துகிற பிடி. யோசனை நல்ல யோசனைதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மெழுகு எவ்வளவு சூடு என்று தெரியாதே, கை வெந்துவிட்டால்? அதற்கும் மாமா வழி வைத்திருந்தார். “இந்தாம்மா, இதை ஒரு தடவை பிடி, டெஸ்ட்டு” என்று முதல் குச்சியை அக்காவிடம் நீட்டினார். பிடித்தாள். வேகவில்லை. பிறகு தைரியமாக இரண்டாவது குச்சியைத் தான் பிடித்தார். இரண்டையும் இறுகட்டும் என்று குளிர்பெட்டியில், கதவுத் தட்டில் வைத்தார். கூடத்தில் சீட்டு இல்லாமல் ஒரு டப்பாவையும் மூடமாட்டார். வீட்டில் எதற்கு என்று விட்டுவிட்டார்.

மறுநாள் மதியம் நான் தண்ணீர் பாட்டில் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். ஒரு குச்சி கீழே விழுந்து மெழுகு மூன்று துண்டானது. அது யார் பிடித்த குச்சி என்று எனக்குத் தெரியாது. பார்வைக்கு இரண்டும் ரோஸ் நிறத்தில் யாரோ கடித்துத் துப்பின மாதிரிதான் இருந்தன. துண்டுகளைக் குப்பையில் போட்டு மேலே காகிதத்தைப் போட்டு மூடினேன். மாமா வந்து, “ரெண்டு இருந்துச்சே, ஒண்ணு எங்க?” என்றார்.

“அந்த டெஸ்ட்டு பீஸ் உடைஞ்சிருச்சு மாமா. தூக்கிப் போட்டுட்டேன்.”

“அதுதானா, போகட்டும்” என்றார்.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சுலபமாகச் சொன்ன பொய் வேறு கிடையாது. பாதி வாய்ப்பு உண்மையாகவும் இருக்கலாமே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன்.

அவர் செதுக்கினதைப் பார்க்க வேண்டும். அதைக் குறை சொல்ல என்னால் முடியாது. அளவுக் கருவியால் மெழுகை அளந்து, மரத்தில் குறித்து, சின்ன அரத்தால் ராவி, திரும்ப அளந்து, தலைமுடி கனத்துக்கு ராவினார். மூன்று வாரம். ரெக்கை வந்து உட்காருகிற இடத்தில் பல் கடி பார்க்கிற நீலத்தாளை வைத்து அழுத்தி, நீலம் ஒட்டின மேட்டை மட்டும் சுரண்டி, திரும்ப அழுத்திப் பார்த்தார். கடைசியில் ரெக்கைக்கும் கட்டைக்கும் நடுவில் காற்றுகூடப் போகவில்லை. மெழுகில் சுண்டுவிரல் இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு இருந்தது. மற்ற மூன்று விரலுக்கும் பள்ளம், அங்கே மட்டும் கடலைப் பருப்பு அளவு மேடு. அதையும் விடாமல் மரத்தில் கொண்டுவந்தார்.

“பாத்தியா? என் சுண்டுவிரல் சரியா அழுத்தறதில்ல. எனக்கே தெரியாது. அச்சுக்குத் தெரிஞ்சிருக்கு” என்று பெருமைப்பட்டார்.

மரப்பிடியைக் கையில் பிடித்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் கோணியது. இறுக்கமாக இருந்தது அவருக்கே தெரிந்தது. “புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான். பழகிடும்” என்று சொல்லி, பிடியை மெழுகுக்குப் பக்கத்தில் வைத்து அளந்தார். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. உடைந்தது டெஸ்ட்டு பீஸ் இல்லையோ என்ற சந்தேகம் எனக்கு அப்போதுதான் வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், கத்தவும் முடியாது. சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு மாதம் நேரம் இருந்தது. மூன்று வாரம் ராவினவரிடம் போய் அதைச் சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

கயிறு கட்டி, மேல் ரெக்கையும் கீழ் ரெக்கையும் ஒரே சீராக வளைகிறதா என்று பார்த்து, விறைப்பாக இருக்கிற பக்கத்தின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அளவோடு தேய்க்க வேண்டும். பல் செட்டைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றிப் பழகின கை அளவோடு நிற்குமா? வழவழவென்று ஆகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றித் தேய்த்தார். இழுத்தால் பதினைந்து கிலோ காட்ட வேண்டிய வில், பெட்டி எடை போடுகிற கொக்கித் தராசில் பதினொன்று காட்டியது. “அம்பு போய்ச் சேர இது போதும்” என்றார். அது உண்மைதான், போதும். போட்டி அன்றைக்குத்தான் வெளியே எடுப்பேன் என்று அதுவரை அதில் ஒரு அம்புகூட விட்டுப் பார்க்கவில்லை.

போட்டி நாள் அன்று அக்காவும் வந்தாள். தன் ரூமுக்காக வந்தாள். பையைத் திறந்து மாமா மூன்று துண்டையும் பூட்டியபோது பதினெட்டுப் பேரும் சுற்றி நின்றார்கள். அவ்வளவு அழகு அந்த வில். கறுப்பு மரமும் வெளிர் மரமும் வரிவரியாக, மேலே பளபளப்பு. விசிலம்மா கண்ணாடி மாட்டிக்கொண்டு, நாற்பது தடவை இழுத்து மெதுவாகத் தளர்த்திப் பார்த்து, எங்கும் கீறல் இல்லை என்று தடவிப் பார்த்து, “சார், நான் வாயை மூடிக்கறேன்” என்றார். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எவ்வளவு பெரிசு என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“இவ்வளவு பெரிசா?” என்றாள் மெதுவாக. “இதுல எப்படிடா தவறும்?”



முதல் அம்பு. மாமா இழுத்தார், சுண்டுவிரலுக்கு அடியில் அந்த மேடு குத்த, மணிக்கட்டு தானாக ஒரு பக்கம் திரும்பியது. அம்பு பலகைக்கு இடது பக்கமாகப் போய்ப் பின்னால் இருந்த வலையில் தொங்கியது. இரண்டாவதுக்கு வலது பக்கம் ஒதுக்கிக் குறிபார்த்தார். அது பலகைக்கு மேலே பறந்தது. மூன்றாவதை விடுவதற்கு முன் பிடியை மூன்று தடவை மாற்றிப் பிடித்தார். உள்ளங்கை சிவந்து போயிருந்தது. அம்பு பாதி வழியில் புல்லில் படுத்துக்கொண்டது.

மாமா வில்லைப் பார்த்தார், கையைப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது: “வில்லு சரியாத்தான் இருக்கு. கைதான் தப்பு.”

விசிலம்மாவே சிரித்துவிட்டார். வில்லை வாங்கிப் பிடியில் விரலை வைத்துப் பார்த்து, “சார், இது உங்க கை அளவே இல்லையே. யாருக்குச் செஞ்சீங்க? அம்மா, நீங்க ஒரு தடவை பிடிங்க பார்க்கலாம்” என்று அக்காவிடம் நீட்டினார்.

அக்கா பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விசிலம்மா அவள் தோளைத் திருப்பி, முழங்கையை உயர்த்தி, இழுக்கச் சொல்லிக்கொடுத்தார். பதினொரு கிலோ. தினமும் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறவளுக்கு அது பெரிசில்லை. இழுத்தாள். கயிறு கன்னத்தைத் தொட்டது. அவள் காதுக்குள் தண்ணீர் வரவில்லை என்று கத்த ஆள் இல்லை. விட்டாள்.

பலகையின் கீழ் ஓரத்தில் ‘தொப்’பென்று குத்தி நின்றது.

“குத்திருச்சு! குத்திருச்சுடா! ரூம் எனக்கு!” மாமா குதித்தார். ஐம்பத்து மூன்று வயது, பிடித்துக்கொண்ட கழுத்து, அந்தக் குதி. என்னைக் கட்டிப்பிடித்து உலுக்கினார். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போனவருக்கு, பக்கத்து இலையில் விழுந்தது தன் இலையில் விழுந்த மாதிரித் தெரிந்தது போல.

அக்கா திரும்பினாள். வில்லைப் பிடித்தபடியே கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவளுடைய சுண்டுவிரல் நடுக் கணுவில் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும், முழுசாக மடங்காது. அந்த வளைவுக்குக் கீழே, மரத்தில் மாமா அவ்வளவு பக்தியாகச் செதுக்கின மேடு, டக்கென்று உட்கார்ந்திருந்தது.

“அச்சும் சரி, கையும் சரி. ஆளைத்தான் மாத்திட்டீங்க” என்றாள்.

மாமா விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஆனால் பதினெட்டுப் பேர் முன்னால் எவ்வளவு நேரம்தான் வானத்தைப் பார்ப்பது? தண்ணீர் பாட்டில், மூன்று துண்டு, குப்பை, காகிதம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. எனக்கே என் மேல் வெட்கமாக இருந்தது, பொய்க்காக மட்டும் இல்லை. மெழுகில் அந்த மேட்டைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இருபது வருஷமாக அவள் கையால் சாப்பிடுகிறேன். அவள் விரலை நானும் பார்த்ததில்லை.

“மூணு அம்பும் என்னோடது. மூணும் போச்சு” என்றார் மாமா. “ரூம் உனக்கு.”

வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தார். மேஜையைத் தள்ள மட்டும் என்னைக் கூப்பிட்டார். கிரைண்டிங் மெஷினைத் தொடவிடவில்லை. இருபத்தெட்டு கிலோ இரும்பு. நெஞ்சோடு அணைத்து, கழுத்து நரம்பு புடைக்க, ரூமின் நிலைப்படியைத் தாண்டி, மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். தரையைப் பெருக்கி, துடைத்து, ஒரு நாற்காலி போட்டார். ஒன்றுதான் போட்டார். அப்புறம் கூடத்துச் சீட்டு ஒன்றை எடுத்து, ‘நோயாளி பெயர்’ என்று அச்சடித்த இடத்தில் அக்கா பெயரை எழுதிக் கதவில் ஒட்டினார். அதைப் பார்த்து அக்கா சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மாமா ஹாலில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். ஏழு மணிக்குக் கதவு திறந்தது. இப்படி நாலு நாள். அந்த ஒரு மணி நேரம் வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் என் உயிரை எடுத்தார். ஐந்தாம் நாள் அக்கா கதவைச் சாத்தப் போனவள் நின்றாள்.

“உள்ள வரலாம். ஒரு ஸ்டூல் எடுத்துக்குங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது. ஒரு மணி நேரம்.”

மாமா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒட்டுக் கேட்கத்தான் நின்றேன்; அதற்கு என்ன இப்போது? அவர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார் என்று கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிஷம்.

“இந்த விரல் எப்ப வளைஞ்சது?” என்று கேட்டார்.

வெளியே அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

“உங்க மெஷினை இந்த ரூமுக்குக் கொண்டுவந்த அன்னிக்கு. நீங்க அச்சுத் தட்டைத் தூக்கிட்டு முன்னால போனீங்க. நான் மெஷினோட பின்னால வந்தேன். நிலைப்படியில நசுங்கிச்சு.”

“சொல்லவே இல்லையே நீ.”

“சொன்னேன். ‘கத்தாதே, அச்சு உடையப் போகுது’ன்னீங்க.”

மிச்சம் இருந்த நாற்பத்தொன்பது நிமிஷமும் அந்த ரூமிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.